கொட்டிக்கிழங்கும் இரண்டடித் தொட்டியும்: பத்து மாதக் குறிப்புகள்

ஜனவரி 21

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருவாரூர் பக்கம், மாமாவின் வயலை ஒட்டி ஒரு வாய்க்கால். அதன் கரையில் சிறு குட்டை. பிறந்தது முதல் பார்த்த குட்டைதான் என்றாலும் இந்த முறை ஒரு காரியத்தோடு இறங்கினேன். கொட்டிக்கிழங்கு நான்கு, வரப்போரத்து நீர்ப்பிரம்மி ஒரு கைப்பிடி, அறுவடைக்கு நின்ற சம்பா வயலின் ஈர மூலையிலிருந்து ரோட்டாலா இனத்துச் செந்தண்டுப் பூண்டு கொஞ்சம். எல்லாவற்றையும் ஈரத் துணியில் சுற்றிப் பையில் போட்டு, இரவு ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு சென்னைக்கு வந்து சேர்ந்தேன்.

கொட்டி, அப்போனோஜெட்டான் என்ற நீர்ச்செடி இனத்தைச் சேர்ந்தது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இதே இனத்து இலங்கைச் செடியையும் மடகாஸ்கர் செடியையும் பார்த்திருக்கிறேன். நம் குட்டையில் கிடப்பதைப் பார்த்ததில்லை. அம்மா பையைப் பிரித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "இதை அவித்துத் தின்றிருக்கிறோம். நீ தொட்டியிலா வைக்கப்போகிறாய்?" என்றார்.

தொட்டியில்தான். ஜப்பானின் தகாஷி அமானோ அமைத்த நீர்த்தோட்டங்களின் படங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். 2015இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், லிஸ்பன் நகரக் கடல்வாழ் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீரடிக் காட்டையே எழுப்பியவர் அவர். மலையையும் காட்டையும் கண்ணாடிக்குள் கொண்டுவந்தார். எனக்கு மலை வேண்டாம். ஒரு வயல்வாய்க்கால் வீட்டுக்குள் வந்தால் போதும்.

ஜனவரி 28

வாய்க்கால் செடி என்றால் வாய்க்காலில் வாழ்பவையும் கூடவே வரும். கழுவிய வாளியில் இரண்டு தட்டாம்பூச்சிப் புழுக்கள் இருந்தன. அவை சிறு மீன்களைப் பிடித்துத் தின்னக்கூடியவை; ஒன்று தப்பினாலும் வம்பு. நத்தை முட்டைகளுக்காகச் செடிகளைப் படிகாரக் கரைசலில் ஊறவைத்தேன். பிறகு இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் பத்து நிமிடம். நீர்ப்பிரம்மி தாங்கியது. செந்தண்டுப் பூண்டின் நுனிகள் கொஞ்சம் கருகின.

தொட்டி 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம். விளிம்பு வரை ஊற்றினால் 70 லிட்டர். மண் போக 60 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அடியில் தெர்மோகோல் பலகை. உள்ளே, குட்டையிலிருந்தே கொண்டுவந்து காயவைத்துச் சலித்த வண்டல் மண் ஓர் அங்குலம். மேலே, கழுவிய ஆற்று மணல் ஒன்றரை அங்குலம். வண்டலை இதற்கு மேல் கனமாகப் போட்டால் காற்றுப் புகாமல் அடியில் அழுகல் வாயு சேரும்.

இனி விளக்கு. இதற்காகத்தான் மூன்று வாரம் படித்தேன். கடையில் லூமென் கணக்குச் சொல்கிறார்கள். லூமென் என்பது மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவு. நம் கண் கூர்மையாக உணரும் பச்சை ஒளிக்கு, அதாவது 555 நானோமீட்டர் பக்கத்துக்கு, அதில் மதிப்பு அதிகம். செடிக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்களின் எண்ணிக்கை. அதை அளக்கும் 'பார்' கருவி என் கைக்கு எட்டாத விலை. ஆனால் 6500 கெல்வின் வெள்ளை எல்இடிக்கு ஒரு வழி இருக்கிறது: லக்ஸ் அளவை, அதாவது ஒரு சதுர மீட்டரில் விழும் லூமெனை, 70ஆல் வகுத்தால் பார் மதிப்பு தோராயமாகக் கிடைத்துவிடும். தொலைபேசியின் உணர்வி துல்லியமானது அல்ல, என்றாலும் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட அது போதும்.

தண்ணீர் ஊற்றும் முன் தொலைபேசியை மணல்மேல் கிடத்தி அளந்தேன். விளிம்புக்கு 3 அங்குலம் மேலே இரண்டு எல்இடி பட்டைகள். காட்டியது 9,100 லக்ஸ். அதாவது பார் கணக்கில் சுமார் 130 மைக்ரோமோல். வயலில் உச்சி வெயிலில் வளர்ந்த செடிகளுக்கு இது எந்த மூலைக்கு என்று தோன்றியது. டைமரில் பத்து மணி நேரம் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 18

மூன்று வாரம். மீன் எதுவும் விடவில்லை. வண்டலிலிருந்து அமோனியா கசிந்துகொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியேறும்வரை பொறுக்க வேண்டும். கண்ணாடியெங்கும் பழுப்புத் தூசு படிந்தது. அது டயாட்டம் என்ற நுண்பாசி, புதுத் தொட்டியின் வழக்கமான விருந்தாளி என்பதால் துடைத்துவிட்டுக் கவலையின்றி இருக்கிறேன்.

கொட்டிதான் என்னை வியக்கவைக்கிறது. நான்கு கிழங்குகளில் மூன்று முளைத்துவிட்டன. முதலில் நீருக்கடியிலேயே ஒளி ஊடுருவும் மெல்லிய இலைகள்; பிறகு ஒரே வாரத்தில் மேற்பரப்பை எட்டி மிதக்கும் இலை ஒன்று. காலையில் அளந்த தண்டு மாலைக்குள் ஒரு விரல் அகலம் நீண்டிருந்தது. கொளத்தூரில் வாங்கிய கிரிப்டோகோரைன் வென்ட்டியை மூலையில் நட்டேன். இலங்கை ஓடைகளுக்கு மட்டுமே உரிய செடி. நட்ட பத்தாம் நாள் இலையெல்லாம் கூழாகக் கரைந்தது. இடம் மாறினால் இந்த இனம் இப்படித்தான் செய்யும், வேரைத் தொடாதே என்று கடைக்கார அண்ணன் முன்பே சொல்லியிருந்ததால் விட்டுவைத்திருக்கிறேன்.

மார்ச் 17

அமோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்யம். எட்டு சீப்ரா டேனியோக்களை விட்டேன். நம் துணைக்கண்டத்து ஓடைகளிலும் வயல்வெளிகளிலும் திரியும் மீன் என்பதால் அவைதான் வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஒன்று தரையில் காய்ந்து கிடந்தது. துள்ளும் மீன் என்று தெரிந்தும் மேலே வலை போடாமல் விட்டது என் தவறு. அன்றே கொசுவலைத் துண்டைச் சட்டமிட்டு மூடினேன். மீதி ஏழு.

ஏப்ரல் 7

பச்சை. எங்கு பார்த்தாலும் பச்சை. ஆனால் செடியின் பச்சை அல்ல. கண்ணாடியில் புள்ளிப் பாசி, நீர்ப்பிரம்மியின் தண்டில் நூல் பாசி. கொட்டியின் பழைய இலைகளில் வழவழப்பாக ஒரு படலம். நீர்ப்பிரம்மியின் வளர்ச்சி நின்றுவிட்டது. கிழக்கு ஜன்னலின் வெயில் காலையில் ஒன்றரை மணி நேரம் தொட்டியின் பக்கவாட்டில் விழுவதையும் இன்றுதான் கவனித்தேன். கறுப்புச் சார்ட் தாள் ஒட்டி மறைத்தேன்.

செடிகளுக்குக் கரியமில வாயு போதவில்லை என்று முடிவுசெய்தேன். அது சரியான முடிவுதான். அடுத்து எடுத்த வழிதான் சரியில்லை. சிலிண்டர் வாங்கப் பணமில்லாததால் ஒன்றரை லிட்டர் பாட்டிலில் 200 கிராம் சர்க்கரை, ஒரு லிட்டர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி ஈஸ்ட் கலந்து, குழாய் வழியே வாயுவைத் தொட்டிக்குள் விட்டேன். முதல் மாலையே நீர்ப்பிரம்மி இலையின் நுனியில் ஆக்சிஜன் முத்து முத்தாகக் கோத்தது. ஒரு மணி நேரம் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 25

ஈஸ்ட் பாட்டில் குளிர் நாட்டில் இரண்டு வாரம் ஓடும் என்கிறார்கள். இங்கே அறையில் 34 டிகிரி. முதல் இரண்டு நாள் வெறிபிடித்ததுபோலக் குமிழி. நான்காம் நாள் ஓய்ந்துவிடுகிறது. புதுப் பாட்டில் வைத்தால் மீண்டும் அதே கதை. வாயு ஒரு நாள் ஏகத்துக்கு, ஒரு நாள் ஒன்றுமில்லை. இந்த ஏற்ற இறக்கத்துக்கென்றே காத்திருந்ததுபோல இலை விளிம்புகளில் கருந்தாடிப் பாசி வந்துவிட்டது. ஒரு கொத்தைக் கிள்ளி ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டேன். சிறிது நேரத்தில் செந்நிறமாக மாறியது. கறுப்பாகத் தெரிந்தாலும் அது சிவப்புப் பாசி வகுப்பைச் சேர்ந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

தொட்டி நீர் 33 டிகிரி. சூடான நீரில் வாயு குறைவாகவே கரையும். செடியும் மீனும் மூச்சுவிடும் வேகமோ கூடிவிடுகிறது. கணினியில் இருந்த 12 வோல்ட் சிறு விசிறியைக் கழற்றி நீர்ப்பரப்பை நோக்கி வைத்ததில் 30க்கு இறங்கியது. ஆவியாகும் நீர் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல். அதை நிலத்தடி நீரால் நிரப்பினால் உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் ஆர்ஓ நீரை ஊற்றுகிறேன்.

மே 5

நேற்றிரவு இந்தக் குறிப்பேட்டை முதலிலிருந்து படித்தேன். ஜனவரி 28இன் 130 மைக்ரோமோல் என்ற எண்ணில் கண் நின்றது. கரியமில வாயுவைச் சிலிண்டரிலிருந்து சீராக, லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் கொடுப்பவர்கள் வைக்கும் ஒளி அது. வயலில் உச்சி வெயில் உண்டு. ஆனால் அங்கே இலையும் தண்டும் நீருக்கு மேலே தலைநீட்டி, காற்றிலிருந்து வேண்டிய மட்டும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. அடியில் வண்டல் அழுகி இன்னும் கொஞ்சம் தருகிறது. நான் வெயிலை மட்டும் கொண்டுவந்துவிட்டேன்.

விளக்கைச் செடியின் உணவு என்றே நினைத்திருந்தேன். விளக்கு தருவது பசி. ஒளியைக் கூட்டக் கூட்டச் செடி கேட்பது கூடுகிறது. கரியமில வாயுவோ நைட்ரேட்டோ பொட்டாசியமோ அதற்கு ஈடுகொடுக்காதபோது செடி நின்றுவிடுகிறது, மிச்ச ஒளி பாசிக்குப் போகிறது. மூன்று மாதமாக நான் தீனியைத் தேடி ஓடிக்கொண்டிருந்தேன். பசியைக் குறைக்கலாம் என்று தோன்றவே இல்லை.

இரண்டு பட்டைகளில் ஒன்றைக் கழற்றினேன். மற்றதைச் சட்டத்தில் கட்டி விளிம்புக்கு 10 அங்குலம் மேலே தூக்கினேன். வெளியே மேசைமேல் அதே தொலைவில் தொலைபேசியை வைத்து அளந்ததில் 3,000 லக்ஸ், அதாவது 43 மைக்ரோமோல். நேரம் பத்திலிருந்து ஆறு மணியாகக் குறைந்தது. ஈஸ்ட் பாட்டிலை எடுத்துவிட்டேன். தாடிப் பாசி பிடித்த இலைகளைக் கத்தரித்தேன். கத்தரிக்க முடியாத இடங்களில் ஃபில்டரை நிறுத்திவிட்டு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊசிக்குழலால் சொட்டுச் சொட்டாக, மொத்தம் 15 மில்லிலிட்டருக்கு மிகாமல் விட்டேன். விளக்கின் மின்கம்பியைச் சுவிட்சுப் பலகைக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி அமைத்தேன். இனி நீர் வழிந்தாலும் வளைவிலேயே சொட்டிவிடும், பலகைக்குள் ஏறாது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அறை இருண்டுவிட்டதாக அம்மாவுக்கு வருத்தம். எனக்கும்தான்.

ஜூன் 9

தாடிப் பாசி சாம்பல் நிறமாகி உதிர்ந்தது. புதிதாக வரவில்லை. கண்ணாடி துடைப்பது வாரம் மூன்று முறையிலிருந்து ஒரு முறையாகிவிட்டது. கிரிப்டோகோரைன், கரைந்த இடத்திலிருந்தே ஐந்து செம்பழுப்பு இலைகளை விட்டிருக்கிறது. செந்தண்டுப் பூண்டு இந்த ஒளியில் சிவக்காது. பச்சையாகவே, நெட்டையாக வளர்கிறது. அது எனக்குச் சம்மதம்.

ஆனால் கொட்டி போய்விட்டது. மே நடுவிலிருந்து ஒவ்வோர் இலையாக மஞ்சளித்து, இப்போது மணல்மேல் ஒன்றுமே இல்லை. ஒளியை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டேனோ என்று மனம் அடித்துக்கொண்டது. கிழங்கைத் தோண்டிப் பார்க்கக் கையை விட்டபோது அம்மா தடுத்தார். "பிடுங்கிவிடாதே. கோடையில் குட்டை வற்றினால் கொட்டி இருந்த இடமே தெரியாது, கிழங்கு மட்டும் சேற்றுக்குள் கிடக்கும். மழை பெய்து தண்ணீர் நின்றால் தானாக எழுந்துவிடும்." விரலால் தடவிப் பார்த்தேன். கிழங்கு கல்போலக் கெட்டியாக இருந்தது. அழுகியிருந்தால் அமுங்கியிருக்கும்.

ஜூலை 14

நீர்ப்பிரம்மியின் கீழ் இலைகளில் ஊசித் துளைகள். பொட்டாசியக் குறைவின் அடையாளம். உரக்கடையில் 13-0-45 என்ற எண்ணோடு கிடைக்கும் பொட்டாசியம் நைட்ரேட் வாங்கினேன். வாரம் அரை கிராம் போட்டால் 60 லிட்டருக்கு நைட்ரேட் லிட்டருக்கு 5 மில்லிகிராம் கூடும். செடிகள் மெதுவாக வளரும் இந்தத் தொட்டிக்கு அதுவே அதிகபட்சம். மூன்று வாரத்தில் புது இலைகள் முழுதாக வந்தன. விளக்கை ஏழு மணி நேரமாக்கினேன், வேறெதையும் மாற்றவில்லை.

செப்டம்பர் 8

வலது கிழங்கின் உச்சியில் பச்சை முனை. நகத்தின் அளவுகூட இல்லை. காலையில் வேலைக்குப் போகும் முன் மூன்று முறை பார்த்தேன்.

அக்டோபர் 27

இரண்டு கிழங்குகளில் இப்போது பதினொரு இலைகள். மூன்றாவது இன்னும் எழவில்லை. கெட்டியாகத்தான் இருக்கிறது, விட்டுவைத்திருக்கிறேன். வெளியே வடகிழக்கு மழை. தொட்டி நீர் 27 டிகிரி, விசிறியை எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை, இலைகளுக்கு நடுவே தடித்த காம்பு ஒன்று வேறு தினுசாக ஏறுவதைக் கண்டேன். இலைக்காம்பாக இருந்தால் மேற்பரப்பிலேயே நின்றிருக்கும். இது வலையை முட்டியது. வலையில் ஓட்டை போட்டு வழிவிட்டேன். இன்று காலை நீருக்கு மேலே நான்கு விரற்கடை உயரத்தில் கதிர் விரிந்திருக்கிறது. மணி மணியாக வெளிர் ஊதாப் பூக்கள். விளக்கு பழைய 3 அங்குல உயரத்திலேயே இருந்திருந்தால் காம்பு அதில் முட்டி மடிந்திருக்கும். அம்மா நாற்காலியைத் தொட்டி அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு மாமாவுக்குத் தொலைபேசியில் பேசுகிறார். குட்டையில் அங்கேயும் பூத்துவிட்டதா என்று கேட்கிறார்.