ஆமிஷ் வீட்டு ஆப்பிள் பட்டர்

பெயரில்தான் பட்டர். வெண்ணெய் துளிகூடக் கிடையாது; ரொட்டியில் தடவ ஆப்பிளைக் கெட்டியாக வற்றக் காய்ச்சிய கூழ்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம், பழைய முறையில் வாழும் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் மக்களின் வீடுகளில் அக்டோபர் வாக்கில் காய்ச்சுவது, கை ஓயாமல் கிண்ட வேண்டிய சமாச்சாரம்.

முதல் நாள் இரவே வீடு மொத்தமும் உட்கார்ந்து ஆப்பிளைத் தோல் சீவி, விதை நீக்கி நறுக்கிவிடும். அந்தத் துண்டுக்கு அவர்கள் பேச்சில் 'ஷ்னிட்ஸ்'. விடிந்ததும் செப்பு அண்டாவை வினிகரும் உப்பும் போட்டுத் தேய்த்து, விறகடுப்பில் 20 லிட்டர் ஆப்பிள் சாறு. அது பாதியாக வற்றிய பிறகுதான் 10 கிலோ துண்டுகள். அவசரப்பட்டு முன்பே கொட்டினால், சாறு வற்றுவதற்குள் கூழ் அடிப்பிடித்து அண்டா முழுக்கத் தீய்ந்த வாடை.

துடுப்பு என்பது நீளக் காம்பும் நுனியில் துளை போட்ட பலகையும். புகைக்கு ஒதுங்கி நின்று கிண்டலாம். சும்மா வட்டமாகச் சுற்றினால் நடு அடி கருகும். ஓரத்தில் இரண்டு சுற்று, நடுவில் ஒரு இழுப்பு. பிள்ளைகளும் முறை வைத்துப் பிடிப்பார்கள்.

சர்க்கரை, பட்டை, கிராம்பு எல்லாம் கடைசி ஒரு மணி நேரத்தில். சர்க்கரை முதலிலேயே விழுந்தால் சீக்கிரம் அடிப்பிடிக்கும்.

பதம் பார்க்க, ஆறிய தட்டில் ஒரு கரண்டி. ஓரத்தில் தண்ணீர் வளையம் கசிந்தால் இன்னும் ஆகவில்லை. இறக்கியபின் அண்டாவிலேயே ஆறவிடக் கூடாது, புளிப்பு செம்பைக் கரைக்கும். கொதிக்கக் கொதிக்கச் சூடான அரை லிட்டர் ஜாடிகளில், விளிம்புக்குக் கால் அங்குலம் விட்டு நிரப்பி, மூடி, கொதிநீரில் 10 நிமிடம். ஆறியும் மூடி உள்வாங்காத ஜாடி அன்றைக்கே ரொட்டிக்குப் போய்விடும்.