எங்கள் ஊர் மைதானத்துக்கு விதி எழுதிய அனுபவம்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில், பாக் நீரிணைப் பக்கம் இருக்கிற சின்ன மீனவ ஊர் எங்களுடையது. சாயங்காலம் ஒரு மணி நேரம் கால்பந்து, அப்புறம் படிப்பு, கோடையில் நீச்சல் என்று பிள்ளைகளுக்காக ஒரு மன்றம் நடத்துகிறோம். 60 பிள்ளைகள் வருகிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள்தான். கல்லூரிப் பையன்கள், டீச்சர் ட்ரெய்னிங் முடித்த பெண்கள், கடலுக்குப் போகாத நாளில் விசிலோடு வந்து நிற்கும் அண்ணன்கள். இந்தப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுத்தில் விதி கொண்டுவரும் வேலை ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கி அடுத்த தடைக்காலம் வரை இழுத்தது. இதே வேலையில் இறங்க நினைக்கும் மற்ற ஊர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளி விடுமுறையும் அதே சமயம் என்பதால் போட்டிகளும் அப்போதுதான் குவியும். தூத்துக்குடியில் ஒரு போட்டிக்கு இரவு தங்கிப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர், "ராத்திரி புள்ளைக படுக்கிற ரூம்ல பெரியாளு யாரு படுப்பா?" என்று கேட்டார். அவர் யார் மேலேயும் குறை சொல்லவில்லை. 'இன்னார்தான், நல்ல பையன்' என்று பதில் சொல்லியிருந்தாலும் அவருக்குப் போதியிருக்காது. ஆள் மாறினாலும் மாறாத ஏற்பாடு என்ன என்பதுதான் அவர் கேள்வி. அந்த வாரமே மூன்று பேர் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தோம்.

முதலில் ராமநாதபுரத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த மேடம் பொறுமையாகப் பேசினார். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றுதான் கணக்கில் எடுக்கிறது, ஆண் பிள்ளைகளும் அதற்குள் வருவார்கள் என்றார். எங்களோடு வந்த இரண்டு அப்பாக்களுக்கு அது புதுச் செய்தி. பெண் பிள்ளைகளுக்கான சட்டம் என்றே அதுவரை நினைத்திருந்தார்கள். 2020-இல் வந்த போக்சோ விதிகளின்படி, பள்ளி, விளையாட்டுப் பயிற்சி மையம் என்று பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர்களைப் பற்றிக் காவல்துறைச் சரிபார்ப்பு வாங்க வேண்டும், அதைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் புதுப்பிக்கவும் வேண்டும். நாங்கள் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை. 'சும்மா வந்து சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது எதற்கு' என்று எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. பிள்ளைக்கு முன்னால் நிற்பவர் சம்பளம் வாங்குகிறாரா என்பது பிள்ளைக்குத் தெரியப்போவதில்லை, அதனால் எல்லாரும் வாங்குவோம் என்று முடிவெடுத்தோம்.

சரிபார்ப்பு வாங்குவது நினைத்த அளவுக்குச் சிரமமாக இல்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். முகவரிச் சான்று, போட்டோ எல்லாம் ஏற்ற வேண்டும், உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வருவார்கள். ஊருக்குள் போலீஸ் வந்து ஒரு பையனைப் பற்றி விசாரித்தால் தெருவே கூடிவிடும் என்பதால், எதற்காக வருகிறார்கள் என்று முன்கூட்டியே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைத்தோம். செய்ய நினைப்பவர்கள் இதை மறக்காதீர்கள். ஒரு தம்பி மேல் ஏலக்கூடத்தில் நடந்த பழைய அடிதடி வழக்கு ஒன்று இருந்தது. அதை அவனே முதலில் வந்து சொன்னான். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கு இல்லை, இருந்தாலும் தனிப் பொறுப்பு எதுவும் தராமல் இன்னொருவர் கூடவே நிற்கும்படி வைத்தோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வழக்கு இல்லை என்ற தாள், அந்த ஆள் மேல் இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. பிள்ளைக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்களில் பலர் மேல் எந்தப் புகாரும் வந்திருக்காது. அதனால் தாளை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அன்றாடம் எப்படிப் பழகுகிறோம் என்ற இடத்தில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

அந்த அன்றாடத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் வேலை கனத்தது. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக, மூடிய இடத்தில், யார் கண்ணுக்கும் படாமல் இருக்கக் கூடாது என்பது முதல் விதி. தனியாகப் பேச வேண்டியிருந்தால் திண்ணையில், மற்றவர்கள் பார்க்கிற தூரத்தில் பேசலாம். பைக்கில் ஒரு பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு போவதில்லை. அடுத்தது அடி. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க" என்று பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடும் பெற்றோர் இன்னமும் இருக்கிறார்கள். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியிலேயே உடல் தண்டனையையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்திருக்கும்போது, எங்கள் மைதானத்தில் அதற்கு இடமில்லை என்று எழுதினோம். காதைத் திருகுவது, முட்டி போட வைப்பது, அப்பா குடிப்பதைச் சொல்லிக் கேலி செய்வது எல்லாம் அதில் அடக்கம். கடைசியாகச் சொன்னதைச் சேர்க்கச் சொன்னது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. விதிகளை எழுதும்போது பிள்ளைகளையும் உட்கார வைத்துக் கேளுங்கள். நமக்குத் தோன்றாதது அவர்களுக்குத் தெரியும்.

நீச்சலுக்குத்தான் ரொம்ப நேரம் எடுத்தது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் எங்கள் வடகடல் குளம் மாதிரி கிடக்கும், சொல்லிக்கொடுக்க அருமையான சமயம். ஆனால் மிதக்கப் பழகும் பிள்ளையை வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்காமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? தொடாமலே இருப்பது என்று எழுதினால் அது நடக்காத விதி, நடக்காத விதியை யாரும் மதிக்க மாட்டார்கள். கடைசியில் இப்படி எழுதினோம். முதலில் காலி கேனைக் கட்டிப் பழக்குவது. கை கொடுக்க வேண்டி வந்தால், எங்கே பிடிக்கப்போகிறேன், எதற்கு என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பிடிப்பது. பிள்ளை வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுவது. முழங்கால் ஆழத்தில் இன்னொரு பெரியவர் நிற்பது. பிள்ளைகள் உடை மாற்ற வலைக் கொட்டகையில் தடுப்பு கட்டினோம், அந்த நேரத்தில் பெரியவர்கள் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று இரண்டு கோடையாகத் தள்ளிப்போட்டு வந்தோம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிற ஊரில் எதற்கு வெளியே ஆள் தேட வேண்டும்? அறுபது வயதைத் தொடும் ஒரு பெரியம்மா வரச் சம்மதித்தார். எங்கள் தாளை மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தலையாட்டிவிட்டு, "எங்காத்தா எனக்குச் சொல்லிக்குடுத்ததும் இப்படித்தான். புடிக்கப்போறேன்னு சொல்லிட்டுத்தான் புடிக்கும், இல்லைன்னா புள்ள பயந்து தண்ணி குடிச்சிரும்" என்றார். இன்று பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைவிட நன்றாக நீந்துகிறார்கள்.

போன் விஷயத்தில் நகரத்து அமைப்புகளின் விதியை அப்படியே எடுக்க முடியவில்லை. பிள்ளைகளுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது, பெற்றோர் இருக்கும் குழுவில்தான் அனுப்ப வேண்டும் என்பது சரிதான். ஆனால் பல வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். அதனால் தெருவுக்கு இரண்டு அம்மாக்கள் பொறுப்பு, அவர்களிடம் சொன்னால் வீடு வீடாகப் போய்விடும் என்று வைத்தோம். போட்டோ எடுத்தால் பெயரோடு எங்கேயும் போடுவதில்லை. பரிசும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மாமா ஒரு பையனுக்கு மட்டும் விலை கூடிய பூட்ஸ் வாங்கி வந்தார். நல்ல மனதோடு வாங்கியதுதான், சந்தேகமில்லை. இருந்தாலும் மன்றத்தின் பெயரில் வாங்கி வைத்து, கால் அளவு பொருந்துகிறவர்கள் மாறி மாறிப் போட்டுக்கொள்ள விட்டோம். ஒரு பிள்ளையை மட்டும் தனியாகக் கவனிப்பதும், அதை ரகசியமாக வைக்கச் சொல்வதும் எங்கே கொண்டுபோய் விடும் என்று ராமநாதபுரம் அலுவலக மேடம் விளக்கியதை அவரிடமும் சொன்னோம். புரிந்துகொண்டார். அடுத்த முறை ஒரு பை நிறையப் பந்து வந்தது.

ஊர்க் கூட்டத்தில் வாசித்தபோது எதிர்ப்பு வரும் என்று தெரியும். "நம்ம புள்ளைகள நாம பாத்துக்கிறதுக்குக் கையெழுத்து எதுக்கும்மா? தாய் மாமனையும் சித்தப்பனையும் சந்தேகப்படுறியா?" என்று ஒரு பெரியப்பா எழுந்தார். "பெரியப்பா, இங்க எல்லாரும் எல்லாருக்கும் உறவு. அதனாலதான் ஒரு புள்ளைக்கு ஒண்ணு புடிக்கலைன்னா வாயத் திறக்க முடியல. மாமாவ எப்படிச் சொல்றதுன்னு முழுங்கிக்கிது. 'தாள்ல இப்படி எழுதியிருக்கே மாமா'ன்னு சொல்ல அதுக்கு ஒரு தாள் வேணும்" என்றேன். கூட்டத்தின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. யாரும் எதையும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் பெரியப்பா அதைக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பேனாவை வாங்கி முதல் கையெழுத்தை அவரே போட்டார்.

அதைவிடக் கடினமான பகுதி, தவறு நடந்தால் என்ன செய்வது என்பது. கடற்கரை ஊர்களில் எந்தப் பிரச்சினையும் முதலில் ஊருக்குள் பேசி, அபராதம் போட்டு முடிக்கப்படும். வலை அறுந்தது, படகு உரசியது என்றால் அது சரி. பிள்ளைக்கு நடந்த தீங்கை அப்படிப் பேசி முடிக்க ஊருக்கு அதிகாரம் இல்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரியவந்தவர் சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்லியே ஆக வேண்டும். ஆதாரம் திரட்டுவது நம் வேலை இல்லை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் சட்டம் பாயாது. சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவுப்படி தண்டனை உண்டு, நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பிள்ளை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியிருக்குமே என்று அம்மாக்கள் பயந்தார்கள். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே, கூடுமானவரை பெண் எஸ்.ஐ. ஒருவர், சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும், இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது என்று 24-ஆம் பிரிவை வாசித்துக் காட்டியதும் பாதி பயம் போனது. பிள்ளை சொன்னால் இடையில் புகுந்து துருவாமல் கேட்பது, சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைப்பது, பெயரை யாரிடமும் விடாமல் இருப்பது, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்பது என்று ஒரு பக்கம் எழுதி, 1098-ஐ மட்டும் பெரிதாகப் படிப்பகச் சுவரில் வண்ணத்தில் எழுதினோம்.

தூத்துக்குடிக்கு அடுத்த கோடையில் போனோம். இரண்டு அம்மாக்கள் கூட வந்தார்கள். பிள்ளைகளுக்குத் தனி அறை, பெரியவர்களுக்கு எதிர் அறை, இரவில் பிள்ளைகளின் அறையைப் பார்க்கப் போனால் இரண்டு பேராகப் போவது, யார் எந்த அறை என்ற பட்டியல் பேருந்து ஏறும் முன்பே எல்லா வீட்டுக்கும். செலவு கூடியது. அதைச் சமாளிக்கப் போட்டி ஒன்றைக் குறைத்துக்கொண்டோம், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு குழுவினர் எங்கள் தாளைக் கேட்டு வந்தார்கள், கொடுத்தோம். அங்கே நீச்சல் வகுப்பு இல்லை, ஆனால் படிப்பு முடிய இரவு எட்டரை ஆகிறது, பிள்ளைகள் வெளிச்சமில்லாத தெரு வழியாக வீட்டுக்குப் போக வேண்டும். நீச்சல் பக்கத்தைக் கிழித்துவிட்டு, யார் யாரை வீடுவரை கொண்டுவிடுவது என்ற பக்கத்தை அவர்களுடைய பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.