லாத்தேகோயேர் 300: முன்னொரு எஞ்சின், பின்னொரு எஞ்சின்

மார்ச் 4
முதலில் எடைக் கணக்கு. 'க்ருவா-து-சூட்' எனப் பெயரிட்ட இந்தப் பிரெஞ்சுப் பறக்கும் படகு (உடலே படகாக அமைந்து, தண்ணீரிலிருந்து எழும் தபால் விமானம்) முழுச் சுமையோடு சுமார் 23 டன். காலி எடை 11 டன்னுக்குச் சற்று மேல். தபால் 1 டன்தான். மிச்சம் பெரும்பாலும் பெட்ரோல். செனகலிலிருந்து பிரேசிலின் நத்தாலுக்கு 3,000 கி.மீ.க்கு மேல்; மணிக்கு 160 கி.மீ. போனால் ஏறத்தாழ 20 மணி நேரம்.

மார்ச் 6
1930 மே மாதம் பிரெஞ்சுத் தபால் விமானி மெர்மோஸ் ஒற்றை எஞ்சின் லாத்தேகோயேர் 28 மிதவை விமானத்தில் இதே தென் அட்லாண்டிக் கடலைத் தாண்டி 130 கிலோ தபால் சேர்த்தார். ஜூலையில் திரும்பும்போதுதான் வினை. நத்தாலில் காற்றே இல்லை; பலமுறை ஓடியும் விமானம் எழவில்லை. எழுந்தபின் நடுக்கடலில் எண்ணெய்க் கசிவு, ஒரு கப்பலின் அருகே இறங்க வேண்டியதாயிற்று. ஆட்களும் தபாலும் தப்பினர், விமானம் மூழ்கியது.

மார்ச் 7
காற்றில்லாமல் ஏன் எழாது? பறக்கும் படகின் அடியில் குறுக்கே ஒரு படி இருக்கும். வேகம் கூடக்கூட படகு தண்ணீரைவிட்டு உயர்ந்து, அந்தப் படியின் மேல் வழுக்கி ஓட வேண்டும். அலையில்லாத தண்ணீர் அடிப்பலகையைப் பிடித்துக்கொள்ளும். சிற்றலை இருந்தால் அடியில் காற்று புகுந்து பிடி விடும். மிதவைக்கும் இதே கதைதான். வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறைந்து எஞ்சினும் இறக்கையும் சேர்ந்தே சோர்ந்துவிடும்.

மார்ச் 11
650 குதிரைத்திறன் ஹிஸ்பானோ-சூய்ஸா எஞ்சின்கள் 4. இறக்கை மேல் இரண்டு கூடுகள். ஒவ்வொன்றிலும் முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். எதிர்க்காற்றுத் தடை குறையும். எல்லாம் நடுவோடு ஒட்டியிருப்பதால் ஒன்று நின்றாலும் விமானம் பக்கவாட்டில் அதிகம் திரும்பாது.
விலை கொடுப்பது பின் எஞ்சின். அதன் ப்ரொப்பெல்லர் சுழல்வது முன்னது கலக்கிவிட்ட காற்றில். அதனால் அதன் இலைகளின் சாய்வுக் கோணத்தைத் தனியாக வைக்க வேண்டும். முன்னே கழன்ற போல்ட் நேரே அதில்தான் அடிக்கும்.

மார்ச் 12
1931 டிசம்பர் 17: முதல் பறத்தல், அன்றே மூழ்கல். தூக்கிச் சீரமைத்து 1932-இல் மறுபடி பறந்தது. 1934 ஜனவரியில் நத்தாலைத் தொட்டது.

மார்ச் 15
1936 டிசம்பர் 7. செனகலின் டாக்காரில் விடியுமுன் கிளம்பி, ப்ரொப்பெல்லர் கோளாறால் திரும்பி, 7 மணியளவில் மறுபடி கிளம்பியது. 10:47-க்குக் கடைசிச் செய்தி: பின் வலது எஞ்சினை நிறுத்துகிறோம். அதன்பின் விமானமும் மெர்மோஸ் உட்பட 5 பேரும் காணாமல் போயினர். ப்ரொப்பெல்லர் பிய்ந்து வாலை வெட்டியிருக்கும் என்பது பலரின் ஊகம். எனக்கும் அதுவே பொருந்துகிறது. வெறுமனே ஓர் எஞ்சின் நின்றிருந்தால் அடுத்த செய்தி அனுப்ப நேரம் இருந்திருக்கும்.