பின் சக்கரத்து நீண்ட போல்ட்டும் பெட்டி மாறி வந்த டிஸ்க்கும்

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பின்புற சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் வீட்டிலேயே மாற்றி முடித்துவிட்டேன். கார் அருமையாக ஓடுகிறது. ஆனால் விரல் மூட்டுகளில் பெயர்ந்த தோல் இன்னும் முழுதாக வளரவில்லை. பாகங்களை விற்றவர் மீதுள்ள கோபமும் ஆறவில்லை. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக, எங்கெல்லாம் வேலை முட்டிக்கொண்டு நின்றது என்பதை எழுதுகிறேன். சக்கரம் கழற்றுவதும் பிரேக் பேட் மாற்றுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

என்னுடையது 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட வண்டி. அதில் முன் பிரேக் டிஸ்க்கின் விட்டம் 235 மி.மீ., பின் டிஸ்க்கின் விட்டம் 231 மி.மீ. 1993-இல் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது முன்னால் 255, பின்னால் 251 என்று பெரிதாக்கினார்கள். அந்தப் பெரிய டிஸ்க்குகளையும் அவற்றுக்குரிய காலிப்பர் (பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) பிராக்கெட்டுகளையும் பழைய வண்டியில் பூட்ட முடியும் என்பதால்தான் இந்த மாற்றம் இவ்வளவு பேருக்குப் பிடித்திருக்கிறது. முன் பக்கத்தை ஏற்கெனவே மாற்றிவிட்டேன். இந்த வரிசை முக்கியம். பின் பிரேக்கை மட்டும் பெரிதாக்கிவிட்டு முன் பக்கத்தை அப்படியே விடாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரங்களின் பிடிமானம் குறைகிறது. அந்த நேரத்தில் பின் பிரேக் அளவுக்கு மீறி வேலை செய்தால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி சுழன்றுவிடும். நேர்ச்சாலையில் இது தெரியாது. ஈரமான வளைவில் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

இனி அந்தப் பெட்டியின் கதை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் 251 மி.மீ. என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்துக் கையில் பிடித்ததுமே சந்தேகம் வந்தது. எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தேன்: 231. அதாவது என் வண்டியில் ஏற்கெனவே இருக்கும் அளவு. விற்றவரைக் கூப்பிட்டுச் சொன்னால், “சீட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சார் உள்ளே இருக்கும்” என்றார். அளந்து பார்த்தேன் என்றேன். “நீங்கள் அளப்பது தவறாக இருக்கும்” என்றார். அளவுகோலை டிஸ்க்கின் குறுக்கே வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். படம் தெளிவாக இல்லை என்று பதில் வந்தது. பெட்டியின் சீட்டு, டிஸ்க், அளவுகோல் மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து மறுபடி அனுப்பினேன். வாரக் கடைசியில் கடை மூடியிருக்கும் என்றார்கள். பிறகு கிடங்கில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கடைசியில் சரியான டிஸ்க்குகள் வந்தன. மன்னிப்பாக ஒரு வார்த்தைகூட அவர்கள் வாயிலிருந்து வரவில்லை.

சீட்டை நம்பி வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எரிச்சல் வருகிறது. பெரிய பிராக்கெட்டில் சிறிய டிஸ்க்கை வைத்தால் பேட் 10 மி.மீ. வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வெளியே நிற்கும் பேட்டின் விளிம்பு தேயாமல் படிக்கட்டு போலாகிவிடும். பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. எனவே, வந்த ஒவ்வொரு பாகத்தையும் ஜாக்கி போடுவதற்கு முன்பே அளந்து பாருங்கள். டிஸ்க்கின் விட்டம், பேட்டின் வடிவம், காலிப்பர் வாங்கினால் இடமா வலமா என்பது எல்லாம் பாருங்கள். பிரேக் திரவத்திலிருந்து காற்றை வெளியேற்றும் நிப்பிள் மேல் நோக்கி இருக்க வேண்டும். அது கீழே வந்தால் காலிப்பர்கள் இடம் வலம் மாறிவிட்டன என்று அர்த்தம். எவ்வளவு பம்ப் செய்தாலும் காற்று வெளியே வராது.

வண்டியைத் தூக்கி ஆக்ஸில் ஸ்டாண்டுகளில் நிறுத்தியாயிற்று. கழற்றிய சக்கரங்களை வண்டியின் ஓரத்தில் அடியில் தள்ளி வையுங்கள், ஸ்டாண்டு சரிந்தால் உயிரைக் காக்கும். பழைய ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் கழற்றும்போது, மேலே நடுவில் இருக்கும் நட்டில் கை வைக்காதீர்கள். டிக்கிக்குள் தெரியும் இரண்டு ஓரத்து நட்டுகளை மட்டும் கழற்றி, முழு யூனிட்டாக வெளியே எடுங்கள். நடு நட்டுதான் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை அவிழ்த்தால் ஸ்பிரிங் பாய்ந்து வந்து முகத்தைப் பெயர்த்துவிடும். நான் வாங்கியது ஸ்பிரிங்கோடு முழுதாகச் சேர்த்து வந்த, உயரம் மாற்றக்கூடிய யூனிட். அதைப் பூட்டுவது சுலபமாக முடிந்தது.

கஷ்டம் ஆரம்பித்தது கீழே. பின் சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு இரும்பையும் கீழ்க் கையையும் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைக்கும் சஸ்பென்ஷன் கை) இணைக்க ஒரே ஒரு நீண்ட போல்ட் குறுக்கே ஓடுகிறது. இந்தக் காரைப் பிரித்தவர்கள் எல்லாரும் அந்தப் போல்ட்டைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். ஷாக்கை மட்டும் மாற்றுவதாக இருந்தால் அதைத் தொடாமலே வேலையை முடித்துவிடுகிறார்கள் பலர். உங்களுக்கும் அதையே சொல்வேன். என் வண்டியிலோ அந்த மூட்டின் ரப்பர் புஷ்கள் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உருளைகள்) வெடித்துப் போயிருந்தன, வேறு வழியில்லை.

நட்டு சுலபமாகக் கழன்றது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். போல்ட்டின் தலையில் ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் சற்றே திரும்புகிறது, விட்டால் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது. போல்ட் சுழலவில்லை, புஷ்ஷின் உள்ளே இருக்கும் எஃகுக் குழாயோடு துருவினால் ஒட்டிக்கொண்டு, சுற்றியிருக்கும் ரப்பரை முறுக்குகிறது. இந்த அறிகுறி தெரிந்தால் இன்னும் நீளமான கம்பியை மாட்டி இழுப்பதில் பயனில்லை. தலைதான் ஒடியும்.

துருவை இளக்கும் எண்ணெயை முன்கூட்டியே, பல நாள் விட்டுவிட்டு அடித்து வைத்திருந்தேன். வலது பக்கம் அது பலித்தது. நட்டைப் போல்ட்டின் முனையோடு சமமாக வரும்வரை திருகி வைத்து, அதன் மேல் சுத்தியலால் அடித்தேன்; நட்டு இருந்தால் மரை நசுங்காது. அடியின் சத்தம் ஒரு கட்டத்தில் மந்தமாக மாறியது. உற்றுப் பார்த்தால் தலைப் பக்கத்தில் மயிரிழை அளவு இடைவெளி, அதிலிருந்து பழுப்புத் தூள் உதிர்கிறது. அந்த மயிரிழையைப் பார்த்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சியை இந்த வேலை செய்தவர்கள்தான் புரிந்துகொள்வார்கள்.

இடது பக்கம் எதற்கும் மசியவில்லை. நெருப்பு வைக்கலாம் என்பார்கள். இந்தக் காரில் பெட்ரோல் டாங்க் பின் அச்சுக்கு அருகில்தான் இருக்கிறது. பக்கத்திலேயே பிரேக் குழாய், சுற்றிலும் ரப்பர். வீட்டில், தரையில் படுத்துக்கொண்டு, அங்கே தீப்பிழம்பைக் கொண்டுபோக நான் தயாராக இல்லை. நீங்களும் வேண்டாம். அறுப்பதுதான் ஒரே வழி. கீழ்க் கையின் காதுக்கும் (போல்ட் நுழையும் துளையுள்ள முனை) வார்ப்பு இரும்புக்கும் இடையில் ஒரு மெல்லிய சந்து இருக்கிறது. உலோகம் அறுக்கும் அலகை மின் ரம்பத்தில் மாட்டி அந்தச் சந்து வழியாகப் போல்ட்டைத் துண்டு போட்டேன். அலகு காதின் பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்வதுதான் முழுக் கவனம்; காதில் வெட்டு விழுந்தால் கையையே மாற்ற வேண்டியிருக்கும். நல்ல அலகுகளைத் தேவைக்கு மேலேயே வாங்கி வையுங்கள், மழுங்கிய அலகோடு போராடுவதைவிடக் களைப்பான வேலை கிடையாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும்.

துண்டான பிறகு புஷ்களை வெளியே தள்ள வேண்டும். அருகில் இருந்த ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். அழுத்தும் இயந்திரம் கண்ணெதிரே சும்மா நின்றது. “வெளியே பிரித்த சாமானைத் தொடமாட்டோம், வண்டியோடு வந்தால் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டார்கள். வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, அதன் உறுப்புதான் என் கையில் இருக்கிறது என்று எவ்வளவோ சொல்லியும் பயனில்லை. திரும்பி வந்து கனமான மரைக்கம்பி, தடித்த வாஷர்கள், ஒரு பக்கம் புஷ்ஷைவிடச் சிறிய சாக்கெட், மறுபக்கம் அதைவிடப் பெரிய குழாய்த்துண்டு இவற்றை வைத்து நானே இழுத்து எடுத்தேன். புதிய ரப்பர் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். புதிய போல்ட்டின் தண்டுப் பகுதிக்கு, துருப்பிடித்து ஒட்டாமல் இருக்கத் தடவும் செம்பு கலந்த கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள். மரையில் பூச வேண்டாம். அங்கே வழுக்கல் அதிகமானால் டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) சரியான அளவைக் காட்டும்போது போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும்.

ரப்பர் புஷ் போட்டவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கை தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். உயரம் தப்பாகக் காட்டும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். சக்கர மையத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் உள்ள தூரம் இறுதியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஜாக்கியால் கையை அந்த உயரத்துக்குத் தூக்கி, அதன் பிறகே இறுதி இறுக்கம் கொடுத்தேன்.

பிரேக்கில் எல்லாரையும் அலைக்கழிப்பது பின் காலிப்பர். ஹேண்ட் பிரேக்கின் இயக்கம் அதற்குள்ளேயே இருப்பதால், சாதாரண காலிப்பர் போலக் கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை உள்ளே அழுத்தினால் உள் பொறி உடைந்துவிடும். பிஸ்டனைச் சுழற்றும் கருவியை வாங்கச் சொல்லி அதே விற்பனையாளர் வற்புறுத்தினார். இந்த காலிப்பருக்கு அது தேவையே இல்லை. காலிப்பரின் பின்புறம் 14 மி.மீ. தலை கொண்ட ஒரு போல்ட் மூடிபோல இருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் சாவி பொருந்தும் திருகு. இடஞ்சுழியாகத் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும். குழியில் அழுக்கு அடைத்திருந்தால் முதலில் ஊசியால் சுரண்டி எடுங்கள். சாவி பாதி மட்டும் இறங்கிய நிலையில் திருப்பினால் மூலைகள் மழுங்கிவிடும், அப்புறம் காலிப்பரே போச்சு.

புதிய பேட்டும் டிஸ்க்கும் பூட்டியதும் அதே திருகை வலஞ்சுழியாக, டிஸ்க் அசையாமல் பிடிக்கும்வரை திருப்பி, அங்கிருந்து மூன்றில் ஒரு பங்குச் சுற்று பின்வாங்குங்கள். இதைச் செய்யும்போது ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்வாக இருக்க வேண்டும். பலர் இந்தப் படியை விட்டுவிட்டு, பெடல் ஆழமாக இறங்குகிறதே, காற்று இருக்கிறது போலும் என்று பாட்டில் பாட்டிலாகத் திரவத்தை ஊற்றிக் காற்று எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பேட் டிஸ்க்கிலிருந்து தள்ளி நின்றாலும் பெடல் அப்படித்தான் இறங்கும். என் வண்டியில் இதைச் சரிசெய்த பிறகு பெடல் பாதத்தின் கீழ் கெட்டியாக நின்றது. இத்தனை வருடம் ஓட்டியதில் இப்படி நின்றதேயில்லை.

காற்று எடுக்கும் வேலை சிக்கலின்றி முடிந்தது. டாட் 4 பிரேக் திரவத்தைப் புதிதாகத் திறந்த பாட்டிலிலிருந்தே ஊற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும்: புதியதற்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ் என்றால், ஈரம் ஏறியதற்கு 155தான். வண்ணப்பூச்சில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்க விடாமல் கம்பி போட்டுக் கட்டி வையுங்கள். சக்கர நட்டுகளுக்கு 90 முதல் 118 நியூட்டன் மீட்டர். கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி சரிபாருங்கள்.

கடைசியாகச் சக்கரக் கோணம் சரிபார்க்கப் போன இடத்திலும் ஒரு மல்லுக்கட்டு. வண்டியைத் தாழ்த்தினால் பின் சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும், அதோடு திசைக் கோணமும் மாறும். பின் சக்கரங்கள் முன்புறம் சற்றே உள்நோக்கி இருக்க வேண்டும். வெளிநோக்கிப் போனால் வளைவில் வால் அலையும். அங்கிருந்தவர் முன் சக்கரங்களை மட்டும் பார்த்துவிட்டு, “பின்னால் சரிசெய்ய எதுவும் இல்லை, இப்படித்தான் வரும்” என்று தாளை நீட்டினார். கீழ்க் கையின் உள் முனைகளில், ஒவ்வொரு பக்கமும் இரண்டு, மையம் விலகிய போல்ட்டுகள் இருக்கின்றன; திருப்பினால் கை நகர்ந்து கோணம் மாறும். அவற்றின் வாஷரில் கோடுகள்கூடப் பொறித்திருக்கின்றன. வண்டியை மேடையிலேயே வைக்கச் சொல்லி, டார்ச் அடித்து அந்தக் கோடுகளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார். ஓட்டிப் பார்த்தபோது வளைவிலிருந்து வெளியேறும் வேகத்தில் பின்புறம் அசையாமல் நின்றது.

அந்த நான்கில் இடது பின் போல்ட் மட்டும் திரும்ப மறுத்தது. மற்ற மூன்றையும் வைத்துத்தான் கோணத்தை ஒருவாறு சமாளித்தோம். அந்தப் போல்ட்டுக்கும் அதன் புஷ்ஷுக்கும் பதிலாகப் புதியவற்றுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன், இந்த முறை வேறு கடையில். துரு இளக்கும் எண்ணெயை இன்றே அடிக்க ஆரம்பித்துவிட்டேன்.