அப்பாவின் பாரும் ஐந்து அங்குலப் பெட்டியும்

2024 மார்ச் 9, சனி

நேற்றுச் சிவராத்திரி. திருகோணமலையின் திருக்கடலூரில் எங்கள் பக்கத்துப் படகுகள் ஒன்றும் இறங்கவில்லை. அப்பா கோணேசர் கோயிலில் விடிய விடிய இருந்துவிட்டு வந்து திண்ணையில் கண் அயர்ந்த நேரம் பார்த்துப் பெட்டியைப் பிரித்தேன். ஐந்து அங்குலத் திரை. மீன் காட்டுவதும் ஜி.பி.எஸ்ஸும் ஒன்றிலேயே. சீட்டு எடுத்த காசு அப்படியே போனது. அம்மாவுக்கு முழு விலை தெரியாது, அவர் இதை வாசிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

படகு 23 அடி பைபர், சுனாமிக்குப் பிறகு வந்தது. 40 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின், கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட். அதனால் படகில் பற்றரியே கிடையாது. இரவு விளக்குக்கு ஒரு சின்னது கொண்டு போவோம், அவ்வளவுதான். எனக்குத் தொழில் ஃபோன் திருத்துவது. கடல் அப்பாவுடையது. வாடைக்காற்று அடங்கி இப்போதுதான் கடல் படியத் தொடங்கியிருக்கிறது, பூட்டுவதென்றால் இந்த மாதமே பூட்ட வேண்டும்.

அப்பா எழும்பி வந்து பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உப்புத் தண்ணி படலாமா?"

அவருக்கு இது தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். தாத்தா காட்டிக் கொடுத்த பார்கள், அதாவது மீன் கூடும் கடலடிக் கல்லுத் திட்டுகள், நாலைந்து அவர் தலைக்குள் இருக்கின்றன. கரையில் இரண்டு பொருள் ஒன்றின்மேல் ஒன்று வரவேண்டும், வேறொரு பக்கத்தில் இன்னும் இரண்டு வரவேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம். மாமாவுக்குக்கூட அந்தக் குறிகளைச் சொன்னதில்லை. எனக்கு இரண்டு தெரியும். மழைப்புகார் மூடினால் மலையும் இல்லை, குறியும் இல்லை. பெட்டி வாங்க நான் சொன்ன நியாயம் அதுதான்.

மார்ச் 14, வியாழன்

கிண்ணியாவிலிருந்து காக்கா வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். பலநாள் படகுகளுக்கு இந்த வேலை செய்து கை பழகியவர். 2009இல் பாலம் திறக்கும்வரை இந்தப் பக்கம் வருவதென்றால் பாதைக்கு, அதாவது அக்கரை சேர்க்கும் படகுக்கு, காத்துக்கிடக்க வேண்டும், இப்போது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். நோன்பு. வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்கிற மனிதருக்கு முன்னால் நான் சோடா குடித்தது இப்போது யோசிக்க வெட்கமாக இருக்கிறது.

முதல் சண்டை வயரில். நான் சோல்டர் பண்ணலாம் என்றேன், அதுதானே எனக்கு வரும். காக்கா விடவில்லை. சோல்டர் ஊறின இடம் விறைத்துவிடும், எஞ்சின் அதிர்வில் அந்த விளிம்பிலேயே வயர் முறியும் என்றார். முனையை நசுக்கிப் பூட்டி, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயைப் போட்டுச் சூடு காட்டினார். வயரும் கடைத்தெரு வயர் இல்லை, வெள்ளீயம் பூசிய செம்பு. சாதாரணச் செம்பு இங்கே முதலில் பச்சையாகும், பிறகு கறுக்கும், ஒரு நாள் இழுத்தால் தூளாகக் கையோடு வரும்.

பற்றரிக்கு மூடியுள்ள பெட்டி, படகின் முன்பக்கம் அணியத்துக்குக் கீழே. நேர்முனைக்குக் கிட்ட 3 அம்பியர் பியூஸ். தூரத்தில் போட்டால் பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையில் வயர் உரசித் தீப்பிடிக்கும்போது அந்தப் பியூஸ் வேடிக்கைதான் பார்க்கும்.

ட்ரான்ஸ்டியூசரை, அதாவது தண்ணீருக்குள் ஒலி அனுப்பித் திரும்பக் கேட்கிற குமிழை, காக்கா 'காது' என்கிறார். அதன் கேபிள் எங்கள் படகுக்கு இரண்டு மீற்றர் அதிகம். நான் கத்தியை எடுக்க, கையைத் தட்டிவிட்டார். "வெட்டினா காது செவிடு தம்பி. மிச்சத்தைச் சுத்தி வைங்க."

மார்ச் 15, வெள்ளி

இன்று துளை போட்டோம். பின்பலகையில் வலது பக்கம், எஞ்சின் விசிறிக்கு ஒன்றரை அடி தள்ளி. எங்கள் விசிறி வலஞ்சுழி, அதன் இலை வலது பக்கத்தில் கீழ்நோக்கி இறங்கும். காதை அந்தப் பக்கம் வைப்பதுதான் வழக்கம்.

ட்ரில் அரை அங்குலம் போனதும் வெளியே வந்தது வெள்ளைத் தூள் இல்லை. ஈரமாக, பேரீச்சம்பழம் மசித்த மாதிரிக் கறுப்பாக வந்தது. காக்கா ஒரு விரலால் எடுத்து மணந்து பார்த்தார். பைபர் தோலுக்கு உள்ளே பிளைவுட். எப்போதோ யாரோ போட்ட ஆணித்துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உளுத்திருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு மேல் எஞ்சின் தொங்கிய பலகை. அப்பா குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு கம்பியைக் கொண்டுவந்து துளைக்குள் விட்டுக் கிண்டினார். உளுத்தது ஒரு கையளவுதான். எஞ்சின் பூட்டும் இடம் இறுக்கமாக இருக்கிறது.

சுரண்டி எடுத்தாயிற்று. வெயிலில் காயவேண்டும். அப்புறம் எபொக்சி நிரப்பி, அது இறுகிய பின் அதற்குள்தான் புதுத் துளை. இந்தப் பெட்டி வாங்காவிட்டால் பலகை உளுத்தது தெரிந்திருக்காது என்று அம்மாவிடம் சொல்ல ஒரு நியாயம் கிடைத்தது.

மார்ச் 18, திங்கள்

கடலில் முதல் நாள். ஆழத்தைப் பாகத்தில் காட்டும்படி வைத்தேன், ஒரு பாகம் ஆறடி. மீற்றரில் சொன்னால் அப்பாவுக்குள் இறங்காது.

கொஞ்ச நேரத்திலேயே திரையின் இடது ஓரத்தில் ஒரு கூட்டம் தெரிந்தது. அப்பா கையை இடது பக்கம் நீட்டி, "அங்கால திருப்பு" என்றார். திருப்பினோம், ஒன்றுமில்லை. பிறகுதான் அவர் எப்படிப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. திரையின் இடது என்றால் படகின் இடது இல்லை, சற்று முன்னர் கடந்து வந்த இடம். வலது ஓரத்துக் கோடு மட்டும்தான் இந்த நொடி. ஒலி கடலில் நொடிக்குச் சுமார் 1500 மீற்றர் ஓடும். 30 மீற்றர் ஆழமென்றால் போய்த் திரும்ப நொடியில் நூற்றுக்கு நாலு பங்கு. அப்படி வந்து வந்து விழும் கோடுகளைப் பெட்டி இடப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. அது பார்ப்பதும் படகுக்கு நேர் கீழே ஒரு கூம்புதான். எங்கள் 200 கிலோஹேர்ட்ஸ் கூம்பு 20 பாகை, 30 மீற்றர் ஆழத்தில் பத்து மீற்றர் அகல வட்டம். முன்னால் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது.

"நடந்து முடிஞ்ச கதையத்தான் சொல்லுது" என்றார் அப்பா. விளக்கம் முடிந்தது.

கொட்டியாரக் குடாவின் வாய்ப்பக்கம் போனபோது எண் ஓடி ஓடி ஏறியது. ஐம்பது பாகம், எழுபது, பிறகு மினுங்கி வெறும் கோடாகிவிட்டது. கடலடிப் பள்ளத்தாக்கு. இந்த மாதங்களில் நீலத் திமிங்கிலம் இவ்வளவு கரைக்குக் கிட்ட வருவதும் அந்த ஆழத்தால்தான். இதைவிடத் தாழ இறங்க 50 கிலோஹேர்ட்ஸ் காது வேண்டும், எங்களுடையது எட்டாது. அப்பாவுக்குப் பெட்டிமேல் முதல் மரியாதை வந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஆழம் பார்க்கும் ஈயக்கயிறு எட்டாத இடம் என்று தாத்தா சொன்ன அதே இடத்தில் இதுவும் கையை விரித்துவிட்டது.

ஒரு குறை. வேகம் எடுத்தால் திரை முழுக்கப் புள்ளிமழை.

மார்ச் 19, செவ்வாய்

காக்கா ஃபோனிலேயே வழி சொன்னார். படகை நிறுத்தி, கியர் போடாமல் எஞ்சினை உறும விடு. அப்போதும் மழை பெய்தால் குற்றம் மின்சாரம், எஞ்சின் பொறி கேபிளுக்குள் ஏறுகிறது. ஓடும்போது மட்டும் பெய்தால் குற்றம் காற்றுக்குமிழி. நிறுத்தி உறுமவிட்டோம், திரை துடைத்த மாதிரி இருந்தது. ஆக, குமிழி. காதைப் படகின் அடியைவிட 3 மில்லிமீற்றர் தாழ இறக்கியதும் மழை முக்கால்வாசி நின்றது.

மார்ச் 22, வெள்ளி

காது போய்விட்டது.

மாலையில் கரை ஏற்றும்போது எட்டுப் பேர் பிடித்து ஏலப்பாட்டுப் போட்டு இழுத்தார்கள். அலை பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி மணலில் குத்தியது. காதைப் பூட்டிய பிடிசட்டம் இரண்டாகத் தெறித்தது. காது கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது, மண் அப்பிய நண்டுக்கால் மாதிரி. இறங்குதுறையில் மிதந்தபடி நிற்கும் படகுக்குப் போட்ட யோசனையை, தினமும் மணலில் இழுக்கிற படகுக்குப் பொருத்தியது என் பிழை. காக்கா கேட்டிருக்கலாம், நானும் சொல்லியிருக்கலாம். இழுத்தவர்கள்மேல் குற்றமே இல்லை.

நல்லவேளை, காதின் முகத்தில் கீறல்தான், வெடிப்பில்லை.

மார்ச் 24, ஞாயிறு

இனி காது படகுக்கு உள்ளே. தடித்த பைபருக்கு ஊடாக ஒலி போகும். நடுவில் பிளைவுட்டோ ஸ்பொஞ்சோ இருந்தால் போகாது. அடித்தட்டில் எங்கே வெறும் பைபர் என்று எப்படித் தெரியும்? ஒரு சொப்பிங் பையில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் காதை விட்டு, அடித்தட்டை நனைத்துப் பையை அதன்மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஐந்து பாகத்தில் நின்று இடம் இடமாக வைத்துப் பார்த்தோம். இரண்டு இடத்தில் ஒன்றுமே வரவில்லை. பின்பக்கம், நடுமுதுகுக்கு ஓரமாய், மட்டமான ஓரிடத்தில் 5.1 என்று விழுந்தது. அப்பா நம்பாமல் ஈயத்தை இறக்கினார். ஐந்தும் ஒரு சாணும்.

கரைக்கு வந்து அந்த இடத்தின் பெயின்ரைப் பைபர் தெரியும்வரை தேய்த்து, எபொக்சி ஊற்றி, காதைத் திருகித் திருகி அழுத்தினேன். நடுவில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் ஒலி அங்கேயே திரும்பிவிடும். தண்ணீரின் வெப்பநிலை இனிக் காட்டாது, திறனிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. சரி, போகட்டும். இழுக்கிற எட்டுப் பேரும் இனிக் கவலையில்லாமல் இழுக்கலாம்.

பின்பலகையில் மிஞ்சிய துளைகளை அப்பாவே அடைத்தார்.

மார்ச் 28, வியாழன்

மாமா நிலாவெளிப் பக்கம் தன் இடமொன்றின் ஜி.பி.எஸ். எண்ணைச் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதித் தந்தார்: வடக்கே 8 பாகை, பிறகு 41 50. கிழக்கெண்ணையும் அதே மாதிரித்தான் எழுதியிருந்தார். போய்ப் பார்த்தால் வெறும் மணல். ஒரு மணித்தியால மண்ணெண்ணெய் வீண். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் சீட்டுக்காசு முழுவதும் தெரிந்தது.

கரையில் மாமாவின் பெட்டியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அவருடையதில் 41.50 நிமிடம், அதாவது நாற்பத்தொன்றரை. நான் 41 நிமிடம் 50 செக்கன் என்று அடித்திருக்கிறேன். நிமிடம் என்றால் நேரமில்லை, பாகையில் அறுபதில் ஒரு பங்கு. வடக்கு தெற்காக ஒரு நிமிடம் என்பது ஒரு கடல்மைல், 1852 மீற்றர். இடையில் வந்த வித்தியாசம் மூன்றில் ஒரு நிமிடம். வடக்கே மட்டும் 617 மீற்றர் தள்ளி நின்றிருக்கிறோம். 2000 மே மாதம்வரை அமெரிக்கா பொதுமக்களுக்கு வரும் ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து விட்டது, அதுவே நூறு மீற்றர் அளவுதான். நான் ஒரு புள்ளியில் அதைப்போல ஆறு மடங்கு செய்திருக்கிறேன்.

சரியான இடத்துக்குப் பிறகு போனோம். கல்லுத்தான், ஆனால் ஏற்கெனவே நாலு படகு நங்கூரம் போட்டிருந்தது. "எல்லாருக்கும் தெரிஞ்ச இடம் எண்டபடியாத்தானே மச்சான் தந்தவன்" என்றார் அப்பா.

ஏப்ரல் 4, வியாழன்

விடிய முன் இறங்கினோம். எங்கே என்று அப்பா சொல்லவில்லை. வெளிச்சம் வந்ததும் திரையைப் பார்க்காமல் கரையைப் பார்த்தே ஓட்டினார். எந்த மலை, எந்த மரம், எது எதன்மேல் வந்தது என்பதை இங்கே எழுதமாட்டேன். எனக்குத் தெரியாத மூன்றாவது பார் அது.

எஞ்சினைத் தணித்து, "இஞ்சதான். இருபத்திரெண்டு" என்றார்.

திரையில் 21.8. தரைக்கோடு தடித்துச் சிவந்து வால் நீண்டிருந்தது. அதற்குக் கீழே, இரட்டை ஆழத்தில், இன்னொரு தரை மங்கலாக. கல்லில் பட்டுத் தெறித்த ஒலி படகின் அடியிலும் பட்டு இரண்டாம் முறை போய்வந்தால் அப்படி விழும். சேறு என்றால் மெல்லிய கோடுதான் வரும், இரண்டாவது தரையே இராது. முன்பு அப்பா ஈயத்தின் அடியில் சவர்க்காரம் அப்பி இறக்குவார். மண் ஒட்டி வந்தால் மணல். ஒன்றும் ஒட்டாமல் வடு விழுந்து வந்தால் கல்லு. இரண்டாம் தரையைக் காட்டிச் சொன்னேன். திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய், "சவர்க்காரம் மிச்சம்" என்றார்.

என் பெருவிரல் இடத்தைப் புள்ளி போட்டுச் சேமிக்கும் பொத்தானுக்குப் போனது, பழக்கதோஷம்.

"அதை அமத்தாத தம்பி."

"மழைக்குள்ள தேட உதவும் அப்பா."

"மழைக்குள்ள ஆரும் வரமாட்டான். பெட்டியைக் கரையில வச்சிட்டு நீ சாப்பிடப் போவாய். ரெண்டு நிமிசம் போதும் மற்றவனுக்கு."

விரலை எடுத்தேன். தூண்டில் இறக்கினோம். ஒன்பது மணி போல அப்பா திரையைக் காட்டி, இந்தக் கறுப்புக் கோடு என்ன என்று கேட்டார். படகு வந்த தடம். நாங்கள் சொல்லாமலே பெட்டி தானாகக் கீறி வைத்திருக்கிறது. திருக்கடலூரிலிருந்து நேர்கோடு, பிறகு ஓரிடத்தில் மட்டும் நூல் சிக்கிய மாதிரி நெருக்கமாகச் சுற்றல். குழந்தைக்குக்கூடத் தெரியும் பார் எங்கே என்று.

கரைக்கு வரும் வழியில் பட்டியலுக்குள் போய் அந்தத் தடத்தை எடுத்தேன். அழிக்கவா என்று பெட்டி கேட்டது. அப்பாவைப் பார்த்தேன். அவர் சுக்கானைப் பிடித்தபடி கரையையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

விளைமீன் பதினொன்று, கலவாய் இரண்டு, ஒரு பாரை. மண்ணெண்ணெய் பதினாறு லீற்றர்.