கொம்பை முதலில் எழுதுகிறோம், கடைசியில் ஒலிக்கிறோம்

தரம் 2 புத்தகத்தைக் கடகடவென்று ஒப்புவிக்கிற பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று நம்பிவிட வேண்டாம். படத்தைப் பார்த்தே பக்கம் முழுவதையும் சொல்லிவிடும் பிள்ளைகள் உண்டு. 'தொபி', 'மேணு', 'நைகு', 'கூசெம்' என்று பொருளே இல்லாத பத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். 'தொபி'யைத் 'தொப்பி' என்று வாசித்தால் பிள்ளை ஊகிக்கிறது. தடுக்கி நிற்கிற எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அநேகமாகத் தடுக்குவது கொம்பில்தான். 'கே' என்னும்போது வாய் முதலில் ககரத்தைத் தொடுகிறது, கையோ இரட்டைக் கொம்பைப் போடுகிறது. 'கொ' இன்னும் சிக்கல்: வலப்பக்கத்து அரவு (ா) ரகரம் போலத் தெரிவதால் 'கெர' என்று வாசிக்கிறார்கள். 247 எழுத்துகளையும் சுவரில் தொங்கவிட்டு ஓதவைத்தால் இது தீராது. வரிசையை மாற்றிக் கேட்டால் தெரிந்துவிடும்.

தடித்த அட்டையை வெட்டுங்கள். முதலில் க, ப, த, ம, வ ஐந்து மட்டும்; குறிகளைத் தனி அட்டைகளில் எழுதுங்கள். நீங்கள் 'பே' என்று சொல்ல, பிள்ளை பகர அட்டையை வைத்த பிறகே கொம்பை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். ஒலியின் ஒழுங்கும் எழுத்தின் ஒழுங்கும் வேறு என்பது அப்போது கைக்குப் புரியும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். உகரக் குறிக்கு அட்டை வேலை செய்யாது, எழுத்தின் உருவமே மாறுகிறது. அதைக் குடும்பமாகப் பழக்குங்கள்: பு, யு, வு ஒன்று, டு, மு, ரு, ழு, ளு ஒன்று, து, நு, று, னு, லு, ணு மற்றொன்று.

கொழும்பில் இன்னொரு குழப்பமும் உண்டு. சிங்களத்தில் வல்லொலிக் க (ka), கனத்த க (ga), ஹ (ha) மூன்றுக்கும் தனித்தனி எழுத்து. இரண்டு மொழிகளையும் ஒன்றாகப் பழகும் பிள்ளை 'பக்கம், பங்கு, பகல்' மூன்றிலும் ஒரே ககரத்தைக் கண்டு திகைக்கும். இரட்டித்தால் வல்லொலி, மெல்லினத்தின் பின் கனத்த ஒலி, இரு உயிர்களுக்கு நடுவே இளகிய ஒலி. விதியாகச் சொல்லாமல் மூன்று சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி உரக்க வாசிக்க விட்டால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

சொல்வதெழுதலில் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போட்டு மூடிவிடுவது வீண். பிழைகளை வகை பிரியுங்கள்: கொம்பு, ஒற்று, ர-ற, ன-ண-ந, ல-ள-ழ. னகரப் பிழையில் கணிசமானவற்றை மூன்று சோடிகளே தீர்க்கும்: டகரத்தின் முன் ண் (நண்டு), றகரத்தின் முன் ன் (கன்று), தகரத்தின் முன் ந் (பந்து). ரகரம் இரட்டிக்காது, றகரம் இரட்டிக்கும், ஆகவே 'காற்று'. லகர ளகர ழகரத்துக்கு இப்படிக் குறுக்குவழி கிடையாது, சொல்லாகப் பார்த்துப் பார்த்துத்தான் படியும். ஒரு கொப்பியில் ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை பூசினால் பிள்ளை அடுத்த முறை குறைவாக எழுதித் தப்பும்.

வகுப்பிலே ஒன்று 'வந்தவை' என்கிறது, ஒன்று 'வந்தாங்க' என்கிறது, கொப்பியிலோ 'வந்தார்கள்' வேண்டும். இரண்டு நிரல் போடுங்கள்: வாயில் சொல்வது ஒன்றில், கொப்பியில் எழுதுவது மற்றதில். வீட்டுப் பேச்சைப் பிழை என்று வெட்டாதீர்கள், அது எந்த ஊர்ப் பேச்சாய் இருந்தாலும். அதன் பிறகு 'மாடுகள் மேய்ந்தது' என்பதை 'மேய்ந்தன' ஆக்குவது எளிது.

வாசிப்பு வேகத்தை ஒரு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலக் கணக்கில் அளந்தால் ஏமாற்றும். 'போய்க்கொண்டிருந்தார்கள்' நமக்கு ஒரே சொல். சரியாக வாசித்த எழுத்துகளை எண்ணி, அதே பிள்ளையின் போன மாதக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

தரம் 6க்கு மேலே நிலைமை வேறு. அழகான கையெழுத்தில் குறிப்பை அப்படியே பார்த்தெழுதுவார்கள், எழுதியதை வாசிக்கச் சொன்னால் திணறுவார்கள். விஞ்ஞானப் பாடத்துக்குப் போகும் முன் 'ஒளித்தொகுப்பு', 'ஆவியுயிர்ப்பு' போன்ற மூன்று சொற்களைப் பலகையில் பிரித்துக் காட்டுங்கள். 'பயன்படுத்தப்படுகின்றன' போன்ற நீண்ட வினையைப் பென்சிலால் துண்டு போட்டு வாசிக்கப் பழக்குங்கள். நீண்ட வசனத்தில் கடைசி வினையைக் கண்டுபிடித்து, அதைச் செய்தது யார் அல்லது எது என்று பின்னோக்கித் தேட வைக்கலாம். பிறகு புத்தகத்தை மூடச் சொல்லி, படித்த பந்தியை மூன்று வசனத்தில் எழுதச் சொல்லுங்கள். பாடமாக்கிய கட்டுரையை ஒப்புவித்துப் பழகியவர்கள் இங்கேதான் திக்குவார்கள். முதல் சில வாரங்களுக்கு ஒரே வசனம் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.