என்கிளெக்ஸ்: டெலிகேஷனில் விழுந்து எழுந்த கதை

அமெரிக்காவில் நர்ஸாக உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வை இரண்டாவது தடவை எழுதி, போன வாரம்தான் பாஸ் ஆனேன். முதல் தடவை 150 கேள்வி வரை இழுத்து, கடைசியில் தோல்வி. பிறகு வந்த ரிப்போர்ட்டில் 'மேனேஜ்மென்ட் ஆஃப் கேர்' (நோயாளிகளின் பராமரிப்பை நிர்வகிப்பது) பகுதி தேர்ச்சி மட்டத்துக்குக் கீழே என்று போட்டிருந்தது. வார்டில் தினமும் வேலையைப் பிரித்துக் கொடுப்பவள் நான். எனக்கே இதுவா என்று இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

அடுத்த முயற்சிக்கு முன் கட்டாயம் காத்திருக்க வேண்டிய 45 நாளில் பாதிக்கு மேல் டெலிகேஷனுக்கே, அதாவது எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கே, கொடுத்தேன். மற்றவர்களுக்கு இவ்வளவு தேவைப்படாது.

என் தவறு இதுதான்: பட்டியலை மனப்பாடம் செய்தேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடக்க வைப்பது, வைட்டல்ஸ் (நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் பார்ப்பது), சிறுநீர் அளவு எல்லாம் யூஏபிக்கு (உரிமம் இல்லாத உதவியாளருக்கு) என்று முடித்துக்கொண்டேன். தேர்வில் வந்த கேள்விகளைச் சொல்ல அனுமதி இல்லை. ஆனால் பயிற்சிக் கேள்விகளிலேயே இதே குழிதான். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவருக்குச் சாப்பாடு ஊட்ட யாரை அனுப்புவாய் என்று கேட்டால், ஊட்டுவதுதானே என்று யூஏபியைத் தேர்ந்தெடுத்துவிடுவேன். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்பது தெரியாமல் இல்லை. வேலையின் பெயரைப் படித்த வேகத்தில் ஆளைப் படிக்கவில்லை.

இரண்டாம் முறை விடைத் தெரிவுகளில் வேலையைக் கடைசியாகத்தான் படித்தேன். முதலில் நோயாளி: என்று வந்தார், எப்போது ஆபரேஷன், நிலை மாறிக்கொண்டிருக்கிறதா? பிறகு ஒரே கேள்வி: இந்த வேலையின் நடுவில் யாராவது முடிவெடுக்க வேண்டி வருமா? வரும் என்றால் ஆர்என், அதாவது பதிவு பெற்ற நர்ஸான நாம்தான்.

வைட்டல்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நாளை வீட்டுக்குப் போகிறவருக்கு யூஏபி பார்க்கலாம். இப்போதுதான் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தவருக்கு நாம்தான் பார்க்க வேண்டும். ரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடம் நாம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சிக்கல் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தால் அப்புறம் யூஏபியை எடுக்கச் சொல்லலாம். வேலை ஒன்றுதான், பதில் மூன்று. வேலையை ஒப்படைக்கும் முன் பார்க்க வேண்டிய ஐந்து 'ரைட்ஸ்' எல்லாரும் ஒப்பிப்போம். எனக்கு மார்க் கொடுத்தது இரண்டாவதான 'சர்கம்ஸ்டன்ஸ்' (சூழ்நிலை) மட்டும்தான் என்று அடித்துச் சொல்வேன்.

நோட்டில் எழுதி வைத்த மற்றவை:

- அளந்து குறிப்பது யூஏபி. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது நம் வேலை.
- கற்றுக்கொடுப்பது ஆர்என். ஏற்கெனவே கற்ற மூச்சுப் பயிற்சியைச் செய்யும்படி நினைவூட்டுவது யூஏபி. இந்த ஒரு சொல்லில் நிறைய பேர் சறுக்குகிறார்கள்.
- "ஏதாவது மாறினால் சொல்லு" தவறான விடை. "சிஸ்டாலிக் 100க்குக் கீழே போனால் உடனே கூப்பிடு" (சிஸ்டாலிக் என்பது ரத்த அழுத்தத்தின் மேல் எண்) சரியான விடை.
- யூஏபி வந்து எண் சரியில்லை என்று சொன்னால், நாமே போய் நோயாளியைப் பார்க்க வேண்டும்.
- எல்பிஎன் (ஆர்என்னுக்குக் கீழ்நிலையில் உரிமம் பெற்ற நர்ஸ்): நிலை சீராக இருப்பவர்கள், வாய்வழி மருந்து, நாம் சொல்லிக்கொடுத்ததை மறுபடி வலியுறுத்துவது. முதல் அசெஸ்மென்ட், கேர் பிளான், ரத்தம் ஏற்றத் தொடங்குவது கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். அதில் தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நான் வேலையைத் தூக்கிக் கொடுத்துவிடுகிற ரகம். எல்லாவற்றையும் தானே செய்கிற ரகமாக இருந்தால் உங்கள் தவறு நேர்மாறாக இருக்கும். சீரான நோயாளியைக் குளிப்பாட்டவும் ஆர்என்னையே அனுப்புவீர்கள். அப்போது நான் சொன்னதைத் தலைகீழாக வாசித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்வி வரும் கேஸ் ஸ்டடிகளில் இன்னொரு தொல்லை. முதல் கேள்வியில் நன்றாக இருந்தவர் நான்காவதில் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பார். தேர்வு அறையில் கொடுத்த அழிக்கும் பலகையில் ஒவ்வொரு கேள்விக்கும் 'இப்போது?' என்று ஒரு சொல் எழுதி, பதில் கொடுத்ததும் அழித்துக்கொண்டே போனேன்.